சூடு இறங்கிய பெட்டி

பிளக்கைப் பிடுங்கி அரை நாள் ஆகியிருந்தும் கண்ணாடி சூடாக இருந்தது. வேலை முடிந்து வந்த அக்கா, கைப்பையைப் பின்பால் விளையாட்டு மெஷினின் மேல் வைக்கப் போனவள், உள்ளங்கை பட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அடுப்புச் சூடு இல்லை, வெயிலில் கிடந்த சூடும் இல்லை. யாரோ நெடுநேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்துபோன நாற்காலியில் நாம் உட்காரும்போது ஒரு சூடு ஏறுமே, அந்தச் சூடு. கண்ணாடியின் அடிப்பக்கம் ஆவி பூத்து, ஓரங்களில் துளித்துளியாகக் கோத்திருந்தது. அவளுக்குக் குமட்டியது.

குமட்டல் அவளுக்குச் சுலபத்தில் வருகிற சங்கதி அல்ல. பல் டாக்டரிடம் உதவியாளர் வேலை. ஊரார் வாயெல்லாம் பார்த்தாயிற்று. சீழ் கட்டிய ஈறு, சொத்தைக்குள் மாதக்கணக்கில் ஊறிக் கிடந்த துணுக்கு எல்லாவற்றையும் குழாய் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நிம்மதியாகச் சாப்பிட உட்காருகிறவள். ஆனால் இந்தப் பெட்டி மட்டும் வீட்டுக்குள் வந்த நாளிலிருந்தே அவளுக்கு ஆகவில்லை.

கொண்டுவந்தவன் தம்பி. லிஃப்ட் மெக்கானிக். மூடிப்போன ஒரு விடுதியின் கீழ்த்தளத்தில் கேட்பாரற்றுக் கிடந்ததை ஆள் வைத்துத் தூக்கிவந்து கூடத்தில் போட்டான். சாய்வான மேசை, மேலே கண்ணாடி, பக்கத்துக்கு ஒரு பொத்தான். அமுக்கினால் உள்ளே இரண்டு துடுப்புகள் எழும்பி எஃகுக் குண்டைத் தட்டிவிடும். விளக்கு மினுக்கும், மணி அடிக்கும். அம்மா போன பிறகு அக்காவே தூக்கி வளர்த்த பிள்ளை. அவளுக்கென்று இருப்பது அவன் ஒருவன்தான். தோளுக்கு மேல் வளர்ந்த பிறகு அவன் ஆசைப்பட்ட ஒரே விளையாட்டுச் சாமான் என்பதால், வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டாள்.

கொஞ்ச நேரம் ஆடினாலே மெஷின் சூடேறி நின்றுவிடும். தம்பியும் சளைக்கவில்லை. சுவரோடு ஒட்டிக் கிடந்ததை ஒரு முழம் முன்னால் இழுத்துப் போட்டான். பழைய குண்டு பல்புகளைக் கழற்றிவிட்டு எல்இடி மாட்டினான். முதுகுப் பலகையின் காற்றுத் துளைகளில் அடைத்திருந்த தூசியை பிரஷ்ஷால் தோண்டி எடுத்தான். ஆட்டத்துக்கு ஆட்டம் அதற்கு ஓய்வு கொடுத்தான். பெற்ற பிள்ளையைக்கூட இப்படி யாரும் தாங்க மாட்டார்கள் என்று அவள் கேலி செய்தாள். சூடு மட்டும் இறங்கவில்லை.

"பிளக்கே போடலையேடா, எப்படிச் சுடும்?"

"கம்பிச் சுருள்ல சூடு தங்கும்க்கா. நாளைக்கு லீவுதானே, ரெண்டு ஃபேன் வச்சிடறேன். நீ டார்ச் மட்டும் பிடி."

மறுநாள் காலையில் திருகாணிகளைக் கழற்றி முதுகுப் பலகையைத் திறந்தான். அக்கா பழக்க தோஷத்தில் கையுறை மாட்டிக்கொண்டு டார்ச் அடித்தாள். ஒயர்கள், செம்புக் கம்பிச் சுருள்கள். அவற்றுக்கு நடுவே, காய்ச்சிய பாலில் படிகிற ஆடை மாதிரி வெளுத்த ஒன்று, சுருளுக்குச் சுருள் இழுத்துக் கட்டியிருந்தது. ஈரமாகப் பளபளத்தது. அதற்குள் மெல்லிய சிவப்பு இழைகள் கிளை பிரிந்து ஓடின.

"என்னடா இது கருமம்?"

"பழைய கிரீஸ். உருகி உருகி இப்படி ஆயிருக்கு."

"கிரீஸ்ல நரம்பு ஓடுமா?"

"உனக்கு எதைப் பார்த்தாலும் ஈறாத்தான் தெரியும்."

அவள் விரலால் அழுத்திப் பார்த்தாள். முதலில் அமுங்கிக் கொடுத்தது. பிறகு தானாகச் சுருங்கி, விரலை விட்டு விலகிக்கொண்டது.

"இதைத் தூக்கிப் போட்டுடுடா. உனக்கு வேற வாங்கித் தரேன்."

"காத்து பட்டா காஞ்சு உதிர்ந்திடும்க்கா. சும்மா இரு."

கீழே ஒரு ஃபேன் காற்றை உள்ளே இழுக்க, மேலே ஒரு ஃபேன் வெளியே தள்ள என்று மாட்டி, ஸ்விட்சைப் போட்டான். கூடம் முழுக்க ஒரு வாடை வந்து கவிந்தது. சொத்தைப் பல்லில் நெடுநாள் இருந்துவிட்ட பஞ்சை உருவும்போது வருகிற அதே அழுகல் வாடை, வெதுவெதுப்பாக, எச்சில் ஈரத்தோடு. மெஷினின் கண்ணாடி கிடுகிடுவென்று நடுங்கியது. ஃபேன் அதிர்வு என்றான் தம்பி. சரிபார்க்க ஃபேனை நிறுத்தினான். அதற்குப் பிறகும் சற்று நேரம் நடுங்கிக்கொண்டிருந்தது. அவன் தலையைச் சொறிந்துவிட்டு மறுபடி ஓடவிட்டான்.

அவள் சாமான் வாங்கக் கடைக்குப் போய்த் திரும்பியபோது உச்சி வெயில். ஃபேன்கள் ஓடிக்கொண்டிருந்தன. மெஷின் சில்லென்று இருந்தது; கண்ணாடியில் ஒரு பொட்டு ஈரம் இல்லை. பின்னால் போய்ப் பார்த்தாள். சுருள்களில் பிய்ந்த ஓரங்கள் மட்டும் காய்ந்து தொங்கின. ஆடையைக் காணவில்லை.

தரையில் இரண்டு விரல் அகலத்துக்கு ஈரத் தடம் இருந்தது. காலால் தேய்த்துப் பார்த்தாள், நூல் நூலாக எழும்பியது. தடம் ஃபிரிட்ஜின் பின்புறம் போய், மோட்டாரைச் சுற்றி ஏறி, இறங்கியிருந்தது. அங்கிருந்து குளியலறை ஹீட்டர். அங்கிருந்து டிவி. சூடுள்ள இடத்தையெல்லாம் தொட்டுப் பார்த்து, எதுவும் பிடிக்காமல் நகர்ந்திருந்தது. டிவியிலிருந்து நேராகத் தம்பியின் அறைக் கதவுக்கு அடியில் போயிருந்தது.

அந்தப் புழுக்கத்தில் அவன் கழுத்து வரை போர்த்திக்கொண்டு கிடந்தான்.

"ஃபேனை நிறுத்துக்கா. குளிருது." பல்லைக் கடித்துக்கொண்டே பேசினான்.

அறையில் ஃபேன் ஓடவில்லை. நெற்றி கொதித்தது.

"வாயைத் திற."

"வேணாம்க்கா."

"திறடா."

திறந்தான். டார்ச் அடித்தாள். பல் சரி. நாக்கு சரி. உள்நாக்கு தெரிய வேண்டிய இடத்தில் வெள்ளை ஆடை, இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் இழுத்துக் கட்டியிருந்தது. அவன் மூச்சுக்கு அது உப்பியது, வற்றியது. அவன் மூச்சு விடாதபோதும் ஒருமுறை உப்பியது.

ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தாள். கிளம்பிவிட்டோம் என்றார்கள். அதற்குள் அவன் உதடு நீலம் பாரிக்கத் தொடங்கியது. வந்து சேரும்வரை தாங்க மாட்டான். குளிர் ஆகாமல்தானே மெஷினை விட்டு வந்தது, நாம்தானே துரத்திவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. துரத்தத் தெரிந்தது, இன்னொரு தடவை துரத்தினால் போயிற்று.

ஐஸ் கட்டிகளைத் துணியில் கட்டி அவன் தொண்டையைச் சுற்றி வைத்தாள். ஈரத் துண்டை நெற்றியையும் கண்ணையும் மூடிப் போட்டாள். மேசை ஃபேனை முகத்துக்கு நேரே திருப்பினாள். அது போக இடம் வேண்டுமே என்று வெந்நீர்ப் பையை நிரப்பி, அவன் கன்னத்தருகே இரு கையாலும் பிடித்துக்கொண்டு மண்டியிட்டாள்.

"அசையாதே. துண்டை எடுக்காதே. வாயைத் திறந்தே வச்சிரு."

அவன் உடம்பு உதறியது. பல் தந்தியடித்தது.

தொண்டைக்குள் ஏதோ பிய்கிற சத்தம். ஈரமான சத்தம்.

வந்தது.

நாக்கின் மேல் தவழ்ந்து. கீழுதட்டைத் தாண்டி. அதே வாடையோடு. பையின் மேல் ஒரு ஓரத்தை வைத்தது. நின்றது. மனிதச் சூட்டை ருசி கண்டது, ரப்பருக்கு மயங்கவில்லை.

அவள் மணிக்கட்டில் ஏறியது.

உதறினாள். ஒட்டிக்கொண்டது. பை கீழே விழுந்தது. மற்ற கையால் பிய்த்தாள். நீண்டது, இழுபட்டது, திரும்பவும் சேர்ந்துகொண்டது. முழங்கை. தோள். கழுத்து. அவள் உதட்டை இறுக மூடினாள்.

தம்பி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான். ஒன்று. இன்னொன்று. உதட்டில் நிறம் திரும்பியது.

"அக்கா, மூச்சு வருதுக்கா." அழுதான். "போயிடுச்சா?"

அவள் தலையாட்டினாள். துண்டுக்கு அடியில் இருந்த கண்ணுக்கு அது தெரியவில்லை.

மோவாய். வெதுவெதுப்பு. உதடு சேருகிற மூலையை அது மெல்ல, அவசரமில்லாமல், நெம்பிப் பார்த்தது. இன்னொரு ஓரம் மேலே போனது. ஒரு மூக்குத் துளை அடைபட்டது.

பிறகு மற்றது.

"அக்கா? ஏன் பேச மாட்டேங்கற?"

அவன் கை துழாவி வந்து அவள் முழங்கையைப் பிடித்தது.

"பயமா இருக்குக்கா. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லேன்."