படுத்தால் எவ்வளவு நீளம்

விடுதிக்காரர் அனுப்பிய படிவத்தில் ஏழாவது கேள்வி இது: படுத்தால் எவ்வளவு நீளம்?

உயரம் என்று கேட்டிருந்தால் ஹாரன்காரர் ஒன்றும் நினைத்திருக்க மாட்டார். லாரி, பஸ் ஹாரன்களைப் பழுது பார்த்தே இருபத்திரண்டு வருடத்தை ஓட்டியவர். தெருவில் அவருக்கு அதுதான் பெயர். நின்றால் ஓர் அளவு, படுத்தால் வேறோர் அளவா, தொப்பைக்குத் தனிக் கேள்வி இல்லையா என்று மனைவியிடம் கேட்டுப் பார்த்தார். அவள் சிரிக்கவில்லை. அவருடைய நகைச்சுவைக்கு அவள் சிரிப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகியிருந்ததால், அதில் புதிதாக வருத்தப்பட அவருக்கு ஒன்றுமில்லை.

பயணமே அவளுக்காகத்தான். கீழே பட்டறை, மேலே வீடு. அவர் ஒவ்வொரு ஹாரனாக அடித்துப் பார்க்கும்போது, மேலே தையல் மெஷின் முன்னால் அவள் காதைப் பொத்திக்கொள்வாள். தொழில் என்றால் அப்படித்தான் என்பார் இவர். வண்டியே போகாத மலை ஊர் ஒன்றை அவள் எங்கிருந்தோ விசாரித்துக்கொண்டு வந்து, பத்து நாள் தங்கலாமா என்று கேட்டபோது உடனே சரி என்றுவிட்டார். கல்யாணமானதிலிருந்து அவள் கேட்ட முதல் ஆசை. மலையடிவாரத்திலிருந்து நான்கு மணி நேர ஏற்றம். மூட்டு வலிக்காரர்களை நாலு பேர் வந்து தூக்கிக்கொண்டு போவார்களாம்.

"நாலு பேர் தூக்கிட்டுப் போறதுக்கு எனக்கு இன்னும் வயசு இருக்கேம்மா" என்றார்.

"போகும்போது தெரியாதுங்க. ஆட்டமே இருக்காதாம்" என்றாள் அவள்.

விடுதிக்காரரிடம் ஒரு தடவை போனில் பேசினார். எந்த போனிலும் பின்னால் ஏதாவது ஒன்று கேட்கும்: மின்விசிறியின் கிரீச்சு, எங்கோ ஒரு குழந்தை, பாத்திரம் உருளும் சத்தம், குறைந்தபட்சம் பேசுகிறவர் மூச்சாவது. அவர் காதுக்கு இதெல்லாம் தப்பாது. அந்தக் குரலுக்குப் பின்னால் எதுவும் இல்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவே போன் செத்துச் செத்துப் பிழைத்தது. வசதியெல்லாம் எப்படி என்று கேட்டார். வந்தவர்கள் யாரும் குறை சொன்னதே இல்லை என்றது குரல்.

அன்றைக்கு மத்தியானம் கூடத்துத் தரையில் அவரைப் படுக்கவைத்து அவள் டேப்பால் அளந்தாள். அவர் சட்டை அளவு முழுக்க அவளுக்கு மனப்பாடம். ஆனாலும் உச்சி முதல் குதிகால் வரை அளந்து, தோளகலம் அளந்து, சாக்பீஸால் தரையில் கோடு போட்டு, இரண்டு இஞ்ச் கூட்டி எழுதிக்கொண்டாள். கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும் என்றாள். தரையின் குளிர்ச்சி முதுகில் ஏற, அவள் விரல் நெற்றியில் பட்டு விலக, எவ்வளவு நாள் கழித்துத் தொடுகிறாள் என்று நினைத்து அவர் கண்ணை மூடிக்கொண்டார். அன்றிரவே வெள்ளைக் காடாத் துணியில் தைக்க ஆரம்பித்தாள். மலைக் குளிருக்கு உறை என்றாள். கைக்கு வழி இல்லை. கழுத்துக்கும் இல்லை.

அவளுக்குக் கிட்டத்தில் பார்வை மங்கல். தினமும் காலையில் பத்து ஊசிகளில் நூல் கோத்து, பஞ்சுத் திண்டில் குத்தி வைப்பது அவர் வேலை. அந்த வீட்டில் அவர் சத்தமில்லாமல் செய்யும் ஒரே வேலை. கிளம்பும் நாள் காலையில் ஒரே ஓர் ஊசி போதும் என்றாள். சாக்கு தைக்கும் தடித்த ஊசி. நூல் மட்டும் நீளமாக. எவ்வளவு நீளம் என்றார். ஒரு ஆள் நீளம் என்றாள். சந்தோஷமாகக் கோத்துக் கொடுத்தார்.

மத்தியானம் மெஷின் மேல் விடுதிப் படிவத்தின் நகல் கிடந்தது. அவள் கையெழுத்து.

வருவோர்: இருவர்.

திரும்புவோர்: ஒருவர்.

பாவம், கவனக்குறைவு என்றுதான் முதலில் நினைத்தார். திருத்துவதற்குப் பேனா கூட எடுத்துவிட்டார். அப்புறம்தான் மூலையில் இருந்த பையைத் திறந்து பார்த்தார். அவளுடைய புடவைகள். அவளுடைய சீப்பு. அவளுடைய மாத்திரை. அவருடைய சட்டைகள் கொடியிலேயே காய்ந்துகொண்டிருந்தன.

பேனாவை வைத்தார்.

தெருவில் லாரி போகவில்லை. பஸ் போகவில்லை. எதிர்வீட்டுக் குழாயின் சொட்டு கேட்கவில்லை. தினமும் எரிச்சலோடு கேட்ட அத்தனை சத்தத்தையும் ஒவ்வொன்றாகத் தேடினார். போனில் கேட்ட அதே ஒன்றுமில்லாமை வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருந்தது.

படி இறங்கிப் பட்டறைக்கு ஓடினார். லாரி ஹாரன். பொத்தானை அழுத்தினார். ஒன்றுமில்லை. அடுத்தது. ஒன்றுமில்லை. வயர்கள் எல்லாம் ஒரே அளவில் வெட்டப்பட்டிருந்தன. பிசிறில்லாமல். தையல் கத்தரியின் வெட்டு.

கத்தலாம் என்று வாயைத் திறந்தார். என்னவென்று கத்துவது? என் பெண்டாட்டி எனக்கு அளவெடுத்துவிட்டாள் என்றா?

மேலிருந்து அவள் கூப்பிட்டாள். கல்யாணமான புதிதில் கூப்பிட்ட அதே குரல்.

"என்னங்க. மேல வாங்க."

போனார். வேறெங்கு போவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அன்று கோடு போட்ட அதே இடத்தில் வெள்ளை உறை விரிந்து கிடந்தது. ஒரு முனை தைத்திருந்தது. ஒரு முனை திறந்திருந்தது.

"நான் என்னம்மா பண்ணினேன்?"

"ஒரு நாளாவது நிறுத்துங்கன்னு எத்தனை தடவ சொல்லிருப்பேன்? உங்க காதுல விழவே இல்லியே" என்றாள். கோபமில்லை. அவர் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டாள். "அங்க அமைதியா இருக்கும். படுங்க, அளவு பாத்துடலாம்."

திரும்பினார். வாசலை அடைத்துக்கொண்டு நாலு பேர். படியேறி வந்த சத்தமே அவர் காதுக்குக் கேட்கவில்லை. அவர்கள் மூச்சும் கேட்கவில்லை.

அவள் உறையின் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் அந்த ஊசி. காலையில் அவர் கோத்த நூல், ஓர் ஆள் நீளத்துக்கு, தரையில் நீண்டு கிடந்தது.