ஒமேர் அங்கிளின் அணி

"தொடாதே!"

ஒமேர் அங்கிள் போட்ட சத்தத்தில் ஷ்யாமளா கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

1987, ஜூலை நாலாம் தேதி, அமெரிக்கச் சுதந்திர தினம். லிவர்மோரில் அவர்கள் தெருக் குழந்தைகளின் சைக்கிள் ஊர்வலம் பத்து மணிக்கு. முன்னால் ஓட்டிப் போகவேண்டியவர் பக்கத்து வீட்டு ஒமேர் அங்கிள். எண்பது வயது. இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவே பெல்ஜியத்தில் பெரிய சைக்கிள் பந்தய வீரர். "இந்த வருஷம்தான் கடைசி" என்று வேறு சொல்லியிருந்தார்.

இப்போது பின் டயர் பஞ்சர். வீங்கிய விரல்களால் அதைக் கழற்ற முடியவில்லை. மணி ஒன்பதரை.

"நான் கழட்டறேனே அங்கிள்!"

"கூடாது. 1931-ல் மலைமேல் இதே மாதிரி பஞ்சர். ரொட்டிக் கடைக்காரம்மா ஒருத்தி பாவம் பார்த்து பம்ப் அடித்தாள். வெளியாள் உதவி என்று பத்து நிமிஷம் அபராதம்! முதலில் வந்தவன் நாலாவது ஆனேன். அன்றிலிருந்து என் சைக்கிளை யாரும் தொட்டதில்லை. நீங்கள் போங்கள். நான் வரவில்லை."

அங்கிள் இல்லாத ஊர்வலமா?

"யாருமே ஹெல்ப் பண்ணக் கூடாதா?"

"பிறகு விதியை மாற்றினார்கள். சொந்த அணிக்காரன் உதவலாம். ஆனால் அவன் என்னை எட்டிப் பிடித்தால்தானே!"

"உங்க டீம் கலர் என்ன?"

"கறுப்பு, மஞ்சள், சிவப்பு."

ஷ்யாமளா வீட்டுக்கு ஓடினாள். கொலுவுக்குப் போன வீடுகளில் வெற்றிலை பாக்கோடு கிடைத்த ரவிக்கைத் துணிகள் அம்மாவின் அலமாரியில் குவிந்திருந்தன.

"அம்மா! மஞ்சள், சிவப்பு, கறுப்பு ப்ளவுஸ் பிட் வேணும். அர்ஜென்ட்!"

"கறுப்பை யாருடி வெச்சுக் கொடுப்பா? அப்பாவோட டையை எடுத்துக்கோ. என்ன கூத்து இது?"

"நான் பெல்ஜியம் டீம்ல சேர்ந்துட்டேன்!"

அம்மா திறந்த வாய் மூடாமல் ஊக்குகளை எடுத்துக் கொடுத்தாள்.

நெஞ்சில் மூன்று வண்ணமும் தொங்க, மூச்சிரைக்க வந்து நின்றாள் ஷ்யாமளா. "இப்போ தொடலாமா?"

அங்கிள் அவளையே பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு டயர் நெம்பும் கம்பியை அவளிடம் நீட்டினார்.

சரியாகப் பத்து மணிக்கு ஊர்வலம் கிளம்பியது.

"இத்தனை வருஷத்தில் என்னை எட்டிப் பிடித்த முதல் ஆள் நீதான்" என்றார் அங்கிள்.

"நீங்கதான் உட்கார்ந்துண்டு இருந்தீங்களே! அது ஈஸி!"

"அப்படியா? இப்போது பிடி!"

அங்கிள் பெடலை ஓங்கி மிதித்தார். ரவிக்கைத் துணி படபடக்க, ஷ்யாமளா துரத்தினாள்.