பச்சைப் பெயின்ட் ஒட்டிய வயர்

சமையல்கட்டுக் கதவுக்கு மேலே மாட்டியிருந்த பழைய அழைப்புமணி, யாரோ நகத்தால் சுண்டியதுபோல ஒரே ஒரு முறை 'டக்' என்றது.

அவள் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. மாடியில் படுத்த படுக்கையாகக் கிடந்த மாமனார் கூப்பிடுவதற்காக வைத்த மணி அது. அவர் போய்ச் சேர்ந்து ஒரு மழைக்காலம் முடிந்து, அடுத்த மழைக்காலமும் தொடங்கிவிட்டது. மணிக்கு அடியில் இரண்டு வயர் நுனிகள் எங்கும் போய்ச் சேராமல் கரப்பான்பூச்சியின் மீசைபோல நீட்டிக்கொண்டிருந்தன. பல்லி வாலால் தட்டியிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, டம்ளரை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு அந்தப் பக்கம் இருந்த கார் ஷெட்டுக்குப் போனாள்.

மாமனாரின் கார் அங்கே வாயைப் பிளந்து நின்றது. இரண்டே கதவுள்ள, தவளை முதுகுபோலக் கூரை வளைந்த, அந்தக் காலத்து வண்டி. டாஷ்போர்டிலிருந்த வட்ட வட்ட மீட்டர்களையெல்லாம் கழற்றிவிட்டதால், அந்தக் குழிகளின் வழியாகக் கரிந்த வயர்கள் குடல்போலச் சரிந்து கிடந்தன. போன ஞாயிறு அதைத் தள்ளிக்கொண்டுவந்து நிறுத்தியபோது, ஓட்டுகிற பக்கம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது. மற்றப் பக்கத்துக் கதவு உள்ளேயிருந்து திறக்காது, வெளியே யாராவது நின்று திறந்துவிட வேண்டும். அதனால் எலெக்ட்ரிசியன் அந்தக் கதவை விரியத் திறந்து, அடியில் ஒரு செங்கல்லை அண்டக்கொடுத்திருந்தான். காதுமேல் பென்சில் வைப்பதுபோல டெஸ்டரைச் செருகிக்கொண்டு திரிவதால் அவனை எல்லோரும் டெஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. கடைத்தெருவில் வழிவிடாதவர்களைப் பார்த்து அவள் கணவன் ஹாரன் பொத்தானில் வைத்த விரலை எடுக்கவே இல்லை. டாஷ்போர்டுக்குள்ளிருந்து புகை வந்தது. அவன் தன் பக்கக் கதவைத் திறந்துகொண்டு குதித்து ஓடி, எதிர்க்கடை வாசலில் நின்று "வண்டி, வண்டி" என்று கத்தினான். அவள் கண்ணாடியை இறக்கப் பார்த்தாள். சுற்றுகிற பிடி கையோடு வந்துவிட்டது. கியர்க் கம்பிமேல் தவழ்ந்து அவன் பக்கமாக வெளியே வந்து விழுந்தபோது முழங்கால் தோல் வழன்றிருந்தது. "அவ்ளோ நேரம் உள்ள என்ன பண்ணே?" என்று கேட்டான். வரும் ஞாயிறு பழைய கார்களின் ஊர்வலம். தன் வண்டிதான் முதலில் வரும் என்று அவன் பார்த்தவர்களிடமெல்லாம் தம்பட்டம் அடித்தாயிற்று.

"தம்பி, பேட்டரி?" என்று கேட்டாள்.

"அதோ தரையில கெடக்குது பாருங்க. பயப்படாதீங்கக்கா, இப்ப இது பல்லு புடுங்கின பாம்பு."

"இப்ப எதையாவது தொட்டியா?"

"இந்த வயரைத்தான் புடிச்சு இழுத்தேன். ஏங்க்கா?"

அவள் டம்ளரை நீட்டினாள். டெஸ்டர் தேநீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, வண்டிக்கு வந்த நோயை அவளிடம் விளக்கினான். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடத்தில் சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளை யாரோ சுருட்டி வைத்திருந்தார்கள். ஃபியூஸ் இருந்திருந்தால் அது செத்து வண்டியைக் காப்பாற்றியிருக்கும். வெள்ளித்தாளுக்குச் சாகத் தெரியாது. ஹாரனோ கரண்டைக் குடம் குடமாகக் குடிக்கிற சாமான். அதற்குப் போட்டிருந்தது நூல் மாதிரி ஒரு வயர். அது பழுத்துச் சிவந்து, தன் தோலையும் உருக்கி, பக்கத்தில் போகிற வயர்களின் தோலையும் உருக்கி, எல்லாவற்றையும் ஒரே கட்டியாக ஒட்டவைத்துவிட்டது.

"குதிரை இழுக்க வேண்டிய வண்டியில எலியக் கட்டியிருக்காங்க," என்றான். "இது காலிங்பெல்லுக்குப் போடற வயர்க்கா."

கரியாகாமல் மிஞ்சிய துண்டை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான். சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய வயர். ஒரு பக்கம் முழுக்க வெளிர்பச்சைப் பெயின்ட் அப்பியிருந்தது.

மாடி அறையின் பச்சை. அவளே கூட இருந்து அடிக்கவைத்தது. சுவரோடு சேர்த்து வயர்மேலும் பெயின்டர் அடித்துவிட்டதைப் பார்த்து, "வயருக்கும் சட்டை தெச்சுப் போட்டுட்டான்மா" என்று மாமனார் சிரித்தது ஞாபகம் வந்தது. வாயின் ஒரு பக்கம் மட்டும் அசைகிற சிரிப்பு.

டெஸ்டர் அந்த வயரை இப்போதைக்குப் பிடுங்கவில்லை. அது போன வழியிலேயே புது வயரை விட வேண்டும், அதுவரை அப்படியே கிடக்கட்டும் என்றான். பேட்டரியை ஸ்கூட்டரின் கால்மாட்டில் வைத்துச் சார்ஜ் போடக் கிளம்பினான். தடிமனான வயரும் ஃபியூஸும் வாங்கிக்கொண்டு, வானம் கருத்திருந்ததால், மழை பெய்து விட்டதும் வருவதாகச் சொன்னான்.

அவள் முற்றத்திலேயே நின்றாள். பல வருடம் ஊமையாகக் கிடந்த கார் ஹாரன் முதன்முதலில் கத்திய நாள் அவள் மனதில் ஓடியது. அன்று அவள் கணவன் குழந்தைபோலத் திரும்பத் திரும்ப அதை அமுக்கிக்கொண்டிருந்தான். அன்று பகலெல்லாம் மாடியிலிருந்து மணி அடிக்கவே இல்லை. தன் கார் கூவுவதைக் கேட்டுக்கொண்டு கிழவர் நிம்மதியாகக் கிடக்கிறார் என்று அவள் நினைத்தாள். தலையை நிமிர்த்தி மணியின் அடியில் பார்த்திருந்தால் அறுந்த நுனிகள் தெரிந்திருக்கும். நிமிரவில்லை. ராத்திரிக் கஞ்சி கொண்டுபோனபோது கண்ணை மூடிக்கிடந்தார். தூங்குகிறார் என்று மூடி வைத்துவிட்டு வந்தாள். காலையில் கஞ்சி அப்படியே இருந்தது. அவர் கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே விழுந்து கிடந்தார். மணிப் பொத்தான் அவர் கையில் இருந்தது. விறைத்த கட்டைவிரலை அதிலிருந்து பிரித்தெடுத்தவள் அவள்தான். அறையைக் காலி செய்தபோதுதான் வயரை எடுத்திருப்பார்கள் என்று இத்தனை நாளும் நம்பியிருந்தாள். ஹாரனுக்காக அன்றே முதலில் வயர் போயிருக்கிறது. அப்புறம், அவர் போனதும், பொத்தானும். இப்போது அது டாஷ்போர்டில் ஹாரன் பொத்தானாக உட்கார்ந்திருந்தது.

உள்ளே போய், சமையல்கட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவனிடம் கேட்டாள்.

"மாமா ரூம் வயரை எப்ப எடுத்தீங்க?"

"எப்பவோ எடுத்தேன். சும்மா தொங்கிட்டிருந்தது."

"சும்மா தொங்கலை. அவர் உசுரோட இருந்தார்."

அவன் தட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "விளையாட்டுக்கு அமுக்கினார், தெரியாதா உனக்கு? நீ மணிக்கு நடுவுல துணியச் சொருகினே. நான் வயரை எடுத்தேன். என்ன பெரிய வித்தியாசம்? போ, அவன் வர்றதுக்குள்ள அந்தக் கரியச் சுரண்டி வை."

சொருகினாள்தான். ஒரு வாய்ச் சோறு நிம்மதியாகத் தின்ன வேண்டும் என்று தோன்றிய நாட்களில், மணியின் சுத்திக்கும் கிண்ணத்துக்கும் நடுவே அடுப்புத்துணியைச் சொருகிவைத்தாள். தின்று முடித்ததும் எடுத்துவிடுவாள். மழுங்கல் கத்தியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனாள்.

மழை தகரக்கூரைமேல் பயறு கொட்டுவதுபோல இரைந்துகொண்டிருந்தது. உள்ளே ஏறி உட்கார்ந்து, குனிந்து, உருகிக் கெட்டியான கரியை அவள் சுரண்ட ஆரம்பித்தபோது, தீய்ந்த ரப்பரின் காரலுக்கும் ஈரத் தரைவிரிப்பின் புழுங்கலுக்கும் அடியிலிருந்து வேறொரு வாசனை மெல்ல மெல்ல மேலே வந்தது. வலித்தைலம். அதோடு, திரும்பிப் படுக்க முடியாத உடம்பின் புளித்த வாசனை. எத்தனை முறை துவைத்தாலும் அந்தப் போர்வையை விட்டுப் போகாத வாசனை. அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். பச்சை வயர் விரலில் பட்டது.

வெதுவெதுப்பாக இருந்தது.

தன் கைச்சூடுதான் என்று நினைத்தாள். கையை எடுத்து, மழைச்சாரலில் நனைத்து, மறுபடி தொட்டாள். முன்னைவிடச் சூடு. காய்ச்சல்காரனின் மணிக்கட்டைப் பிடித்ததுபோல இருந்தது. பேட்டரி இல்லாத வண்டி. பல்லு புடுங்கின பாம்பு.

மழைச் சத்தம் குறைந்தது. நின்றுவிட்டதோ என்று திரும்பிப் பார்த்தாள். மழை நிற்கவில்லை. கதவு வந்துகொண்டிருந்தது.

அறையவில்லை. மெதுவாக வந்தது. நோயாளி கண்ணயர்ந்த அறையின் கதவைச் சாத்துவதுபோல. அவள் தினமும் சாத்தியதுபோல. செங்கல் அதன் முன்னால் சத்தமில்லாமல் நகர்ந்து வழிவிட்டது. தாழ் விழுந்தது.

கைப்பிடியைத் திருகினாள். அது சும்மா சுற்றியது. தோளால் இடித்தாள். அந்தப் பக்கக் கதவுக்குத் தாவித் தள்ளினாள். சுவர் விரல் அளவு இடம்தான் தந்தது. மீட்டர் குழியிலிருந்து முதல் புகை, ஊதுவத்திப் புகைபோல ஒற்றைக் கோடாக, அவசரமே இல்லாமல் எழுந்தது.

கண்ணாடியைக் குத்தினாள். கத்தினாள். கூரைமேல் மழை. முற்றத்துக்கு அப்பால் சமையல்கட்டு ஜன்னல் மஞ்சளாகத் தெரிந்தது. விளக்கடியில் அவன் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

ஹாரன்.

பொத்தானை அமுக்கினாள். கட்டைவிரல் பட்டுப் பட்டுக் குழிந்த பொத்தான். விரல் அதில் சரியாகப் போய் உட்கார்ந்தது. ஹாரன் கத்தவில்லை.

ஆனால் ஜன்னலுக்குள் அவன் திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

மறுபடி அமுக்கினாள். அவன் கதவுக்கு மேலே பார்த்தான். விடாமல் அமுக்கினாள். அங்கேதான் அடிக்கிறது. மணி. அவனுக்குக் கேட்கிறது. கடவுளே, கேட்கிறது.

இங்கே பார். இங்கே.

அவன் ஷெட்டைப் பார்க்கவில்லை. மாடியைப் பார்த்தான். கூரையையே பார்த்துக்கொண்டு நின்றான். முகம் சாம்பலாக இருந்தது. பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டான். ஏறினான். வயர் நுனிகளைப் பிடித்துப் பார்த்தான். அறுக்க ஒன்றும் இல்லை. அடுப்பு மேடைக்குக் கை நீட்டினான்.

துணி.

அவளுடைய துணி.

சொருகினான். நன்றாக, அழுத்தி. இறங்கினான். கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றான். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

புகை இப்போது மார்பளவு. கண் எரிந்தது. அவள் பொத்தானிலிருந்து விரலை எடுத்தாள். இனி எதற்கு?

பின்சீட்டின் ஸ்பிரிங் ஒன்று முனகியது.

பொத்தான் உள்ளே போனது. வெளியே வந்தது. உள்ளே போனது. யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்த பிறகும் அமுக்குகிறவரின் பொறுமையோடு, அவள் முகத்துக்கு நேராக, அமுங்கிக்கொண்டே இருந்தது.