பத்தொன்பது நாள் தாடி

மாமனாரின் வீட்டைக் காலி செய்ய நானும் மனைவியும் போனது ஒரு விடுமுறை நாள் காலையில். பூட்டு திறக்கவில்லை. சாவியை நாலு முறை திருப்பி, கதவைத் தோளால் இடித்துத் தள்ளியபோதே எனக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. ஒரு மாதமாகப் பூட்டிக் கிடந்த வீட்டில் தூசி வாடைதானே வர வேண்டும்? ஷேவிங் சோப்பின் வாடை வந்தது. ஈரமான, புது வாடை.

"எங்கயாவது டப்பா திறந்து கிடக்கும்," என்றேன்.

மனைவி நேரே குளியலறைக்குப் போய், கண்ணாடிக்குப் பின்னால் இருந்த சின்ன அலமாரியைத் திறந்து ஒரே ஒரு பொருளை எடுத்துக்கொண்டாள். அவள் அப்பாவின் ரேஸர். அடியிலுள்ள குமிழைத் திருகினால் தலைப்பகுதி இரட்டைக் கதவு போலத் திறந்து பிளேடை வாங்கிக்கொள்ளும் பழைய மாதிரி. காய்ந்த சோப்பும் தண்ணீரின் உப்பும் சேர்ந்து இறுகி, குமிழ் அசையவே இல்லை.

"இதையாவது சரி பண்ணிக் குடுங்க," என்றாள்.

அந்த 'இதையாவது' சுருக்கென்று தைத்தது. தைக்கக் காரணம் இருந்தது.

பக்கவாதம் வந்து மாமனாருக்கு வலது கையும் பேச்சும் போயின. தினமும் காலை ஆறு மணிக்கு, குளியலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சவரம் செய்துகொள்ளும் மனிதர். படுத்த பிறகு, நாடியில் முளைத்த நரையை இடது கையால் தடவித் தடவிப் பார்ப்பார். மகள் ரேஸரை எடுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். நர்ஸையும் விடவில்லை. ரேஸரைக் காட்டுவார், பிறகு என்னைக் காட்டுவார். நான் பல்செட் செய்கிறவன். அவருக்கும் செய்து மாட்டியது நான்தான். தன் முகத்தில் கை வைக்க அவர் சம்மதித்த ஒரே ஆள்.

வேலைக்குப் போகிற வழியில் எட்டிப் பார்ப்பேன். "நாளைக்குப் பண்ணிடலாம் மாமா," என்பேன். நேரமாகிவிட்டது என்பது ஒரு சாக்கு. எச்சில் ஒழுகும் அந்த வாயைப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது என்பதுதான் நிஜம். பத்தொன்பது நாள் அப்படியே சொன்னேன். இருபதாம் நாள் தாடியோடு போய்ச் சேர்ந்தார்.

ரேஸரைப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பக்கத்து மேசைக்காரனுக்கு அங்கே 'ஐடியா' என்று பேர். கேட்காமலே யோசனை சொல்வான்.

"வெந்நீர்ல ஊற வைங்க சார். இல்ல, எண்ணெய் விடுங்க. இல்லன்னா ஒரு தட்டு தட்டுங்க."

மூன்றையும் செய்தேன். மூன்று நாள் போராட்டம். இடுக்கி வழுக்கி விரல் நகம் பிய்ந்ததுதான் மிச்சம். நாலாம் நாள், நான் தொட்டதும் குமிழ் தானாகவே வழுவழுவென்று திரும்பியது. உள்ளே இருந்த அழுக்கையெல்லாம் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, பல்செட் பளபளப்பாக்கும் மோட்டாரில் பிடித்தேன். புதுசு போல மின்னியது. பிளேடு போடவில்லை. துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, மறுநாள் காலை பெருமையாக மனைவியின் முன்னால் திறந்து காட்டினேன்.

உள்ளே நுரை. ஈரமான வெள்ளை நுரை, இடுக்கு இடுக்காக. அதில் நரைமுடி.

"இதுதான் சரி பண்ண லட்சணமா?" என்றாள்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. மறுபடி கழுவினேன். மறுபடி தேய்த்தேன். பட்டறை மேசை டிராயரில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டேன். காலையில் திறந்தால் நுரை, முடி. அடுத்த நாளும் அதே. அதற்கடுத்த நாள் ஐடியாவின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டேன்.

"விளையாடறியா? என் டிராயரைத் திறந்து இதுல ஷேவ் பண்றது நீதானே?"

அவன் தன் கருகரு தாடியை இரண்டு கையாலும் பிடித்துக் காட்டினான். "எனக்கு எதுக்கு சார் ரேஸர்? நல்லாப் பாருங்க, அதுல பிளேடே இல்லை."

பிளேடே இல்லை.

நான் காலரை விட்டேன். பல்லின் வெடிப்பைப் பார்க்கும் பூதக்கண்ணாடியின் அடியில் அந்த முடிகளைப் பரப்பினேன். ஐடியாவும் குனிந்து பார்த்தான். அவன்தான் முதலில் நிமிர்ந்தான்.

"இது வெட்டின முடி இல்ல சார்."

ஒவ்வொன்றின் அடியிலும் வேர் இருந்தது.

சிலவற்றில் ரத்தம்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் சுவரைப் பார்த்தபடி, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலச் சொன்னாள்: "அவரே பண்ணிக்கப் பாக்கறாருங்க. இடது கையால."

மறுநாள் காலை ஆறு மணிக்கு அந்த வீட்டுக் குளியலறையில் நின்றோம். கடையில் வாங்கிய புது பிளேடை ரேஸரில் போட்டேன். குமிழ் மறுபடி பாதியில் சிக்கிக்கொண்டு என் உயிரை வாங்கியது. "இப்பவுமா?" என்று கத்தினேன். பிறகுதான் திரும்பியது. கண்ணாடிக்கு எதிரே அவருடைய நாற்காலியைப் போட்டேன். மனைவி வாசலில் நின்றாள். நன்றாக விடிந்துவிட்ட வெளிச்சம். வெறும் நாற்காலி. கையில் சோப்பு பிரஷ்ஷோடு நான். பைத்தியக்காரத்தனம் என்றுதான் தோன்றியது.

"மாமா, உக்காருங்க," என்றேன்.

நாற்காலி கிறீச்சிட்டது.

கன்னம் இருக்க வேண்டிய உயரத்தில் பிரஷ்ஷை நீட்டினேன். அதன் மயிர்க்கற்றை எதன் மீதோ பட்டு மடங்கியது. ரேஸரை வைத்து இழுத்தேன்.

சர்ர்ர்.

பத்தொன்பது நாள் தாடியை மழிக்கும் சத்தம். பிளேடில் நரை சேர்ந்தது. என் மணிக்கட்டில் சூடாக மூச்சுக் காற்று பட்டது. கண்ணாடியில் நான் மட்டும்தான் தெரிந்தேன், காலி நாற்காலிக்கு மேலே குனிந்தபடி. ஒரு பக்கம் முடிந்ததும், மறு கன்னத்தைக் காட்ட ஒரு தலை திரும்புவதை என் இடது உள்ளங்கையில் உணர்ந்தேன். கனமான, குளிர்ந்த தலை.

ஓடிவிடலாம் என்று கால் பரபரத்தது.

"பாதியில விட்றாதீங்க," என்று மனைவி கிசுகிசுத்தாள்.

விடவில்லை. நாடி, மேலுதடு, காதோரம். கடைசியாகக் கழுத்து. அந்த இடத்தில் மட்டும் நிறுத்தி நிறுத்தி இழுத்தேன். முடிந்ததும் என் கையிலிருந்த கனம் போய்விட்டது. தொட்டியில் தண்ணீர் வெள்ளையாகக் கிடந்தது.

பிளேடைக் கழற்றிக் காகிதத்தில் மடித்துக் குப்பையில் போட்டேன். ரேஸரைக் கழுவித் துடைத்து மனைவியிடம் கொடுத்தேன். அதைத் தன் துணி அலமாரியில் வைத்துக்கொண்டாள். அவர் போன பிறகு முதல் முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். மூன்று நாள் ரேஸர் சுத்தமாகவே இருந்தது. அப்பாடா என்று இருந்தேன்.

நாலாம் நாள் காலை. அதாவது இன்று.

முகத்தில் ஏதோ ஜில்லென்று பட்டு விழித்தேன். மனைவி கட்டிலருகே காபி டம்ளரோடு நின்று என்னை உற்றுப் பார்த்தாள்.

"என்னங்க இது? பாதியிலயே எழுந்து வந்து படுத்துட்டீங்க?"

"எதைப் பாதியில?"

அவள் முகம் வெளுத்தது. நான் எழுந்து கண்ணாடிக்கு ஓடினேன்.

இரண்டு கன்னங்களும் மழமழவென்று இருந்தன. பழக்கமில்லாத இடது கை இழுத்தது போல, குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீறல்கள்.

கழுத்து முழுவதும் கெட்டியாக நுரை பூசியிருந்தது. அங்கே இன்னும் ஒரு இழுப்புகூட இழுக்கவில்லை.