சிவப்புக் கம்பளத்தில் வந்தவர்

ஜுமானாவுக்கு அன்று மதியச் சோறு இறங்கவே இல்லை. உம்மா அவளுக்குப் பிடித்த இறால் பொரியல் வைத்திருந்தார். அப்படியும் இரண்டு வாய்க்கு மேல் போகவில்லை.

"உம்மா, இப்ப மணி என்ன?"

"இப்பதானே கேட்டாய்? மண்டபம் எங்கயும் ஓடிப் போகாது. சாப்பிடு," என்றார் உம்மா.

எப்படிச் சாப்பிடுவது? அது அவள் பிறப்பதற்கு முன்பே பூட்டப்பட்ட மண்டபம். திருகோணமலைத் துறைமுகத்தைப் பார்த்தபடி நிற்கும் அந்தப் பழைய இசை மண்டபத்தை வெள்ளைக்காரர் காலத்தில் கட்டினார்களாம். கூரை ஒழுகத் தொடங்கியதும் மூடிவிட்டார்கள். பள்ளிக்கூடம் போகும்போதெல்லாம் ஜுமானா அதன் துருப்பிடித்த கேற்றுக்குள் எட்டிப் பார்ப்பாள். வௌவால்கள்தான் தெரியும்.

இப்போது புதுக் கூரை போட்டு, சுவர்களுக்கு வெள்ளை அடித்து, நடுவில் இசை மண்டபம், இரண்டு பக்கமும் ஓவியக் கூடங்கள் என்று பழையபடி ஆக்கிவிட்டார்கள். இன்று திறப்பு விழா. முதல் நிகழ்ச்சி ஜுமானாவின் பள்ளிக்கூட இசைக்குழு. அவர்கள் வாசிக்கும் பாட்டின் முதல் வரியை, வாயால் ஊதி வாசிக்கும் மெலோடிக்காவில் தனியாக வாசிக்கப் போகிறவள் அவள்.

காலையில் ஒத்திகைக்குப் போனபோது இரண்டு விஷயங்கள் நடந்தன.

முதலாவது, அவள் விழுந்தாள். புதிதாக மெருகேற்றிய தரை கண்ணாடிபோல மின்னியது. புதுச் சப்பாத்தோடு உள்ளே ஓடியவள் சறுக்கிக்கொண்டே போய், இசைக்குழுவை நடத்தும் புஸ்பராணி ரீச்சரின் காலடியில்தான் நின்றாள்.

"நல்ல வணக்கம் பிள்ளை," என்றார் ரீச்சர். "இனி எல்லாரும் சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ."

இரண்டாவது, மண்டபத்தின் விசித்திரம் தெரியவந்தது. மேடையில் நின்று என்ன சொன்னாலும் கடைசி வரிசைவரை கேட்டது. நம்பாமல் சஞ்சீவன் பின்னால் போய் உட்கார்ந்தான். அவன் ஜுமானாவின் வகுப்புத் தோழன், குழுவில் தபேலா வாசிப்பவன். ஜுமானா மேடையில் நின்று உதடு மட்டும் அசைவதுபோல மெதுவாகச் சொன்னாள். "சஞ்சீவன், உன்ட காற்சட்டை பின்னால கிழிஞ்சிருக்கு."

அவன் இரண்டு கையாலும் பின்பக்கத்தைப் பொத்திக்கொண்டு துள்ளி எழுந்தான். காற்சட்டை கிழியவில்லை. ஆனால் எல்லாரும் சிரித்து முடிக்க நெடுநேரம் ஆனது.

பின்னேரம் மண்டபம் நிறைந்துவிட்டது. சாம்பல்தீவிலிருந்தும் கிண்ணியாவிலிருந்தும்கூடச் சனம் வந்திருந்தது. உம்மா முன்வரிசை ஓரத்தில் கதிரை பிடித்துவிட்டார். வாசலில் குருத்தோலைத் தோரணம் ஆடியது. பிரதம விருந்தினருக்காக நீளமான சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். அவர் வந்ததும் தொடங்க வேண்டியதுதான். மேடைக்குப் பக்கத்தில் நின்ற ஜுமானா, பிழைத்துவிடுமோ என்ற பயத்தில், மெலோடிக்காவில் முதல் வரியைச் சத்தமில்லாமல் விரலால் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அப்போது வெளியே யாரோ கத்தினார்கள். "தோரணத்தைத் தின்னுது, தோரணத்தைத் தின்னுது."

ஒரு மான்.

திருகோணமலையில் மான்கள் ஊருக்குள் திரிவது புதினம் இல்லை. கோட்டைப் பக்கமிருந்து வரும். கடைத்தெருவில் நிற்கும். மரக்கறிக் கடையில் கோவா இலை கிடைக்காதா என்று காத்திருக்கும். ஒரு மான் தோரணம் தின்றதால் ஒன்றும் குடி முழுகிப் போயிருக்காது. ஆனால் யாரோ கை தட்டி அதை விரட்டினார்கள். அதே நேரம் பார்த்து, வெளியே வரவேற்புக்கு நின்ற பாண்ட் வாத்தியக்காரர் ட்ரம்மில் ஓங்கி ஒரு அடி போட்டார்கள்.

மான் வெருண்டது. வீதியில் வாகனங்கள். வாசலில் சனம். திறந்து கிடந்தது இடப்பக்க ஓவியக் கூடத்தின் கதவு மட்டும்தான். மான் அதற்குள் பாய்ந்தது.

மண்டபத்திலிருந்து ஓவியக் கூடத்துக்குப் போக ஒரு பெரிய வளைவு வாசல் இருந்தது. ஜுமானாவும் சஞ்சீவனும் அதன் ஓரமாக நின்று எட்டிப் பார்த்தார்கள்.

இளம் ஆண் புள்ளிமான். கூடத்தின் சுவரோரமாகக் கிடந்த சின்னத் தும்புக் கால்மிதியில் நான்கு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு நின்றது. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. ஒரு கொம்பில் குருத்தோலை மாலை தொங்கியது.

"பிரதம விருந்தினருக்கு முதலே இவர் மாலையோட வந்திட்டார்," என்றான் சஞ்சீவன். அடுத்த கணம் அவன் முகம் மாறியது. "ஐயோ, அதுக்கு நேர முன்னால இருக்கிறது என்ர படம்."

மாணவர் ஓவியங்களில் அவனுடைய தோணிப் படமும் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்கியது. மானின் மூக்குக்கும் அதற்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை.

மண்டபப் பொறுப்பாளர் லாபிர் நானா கூட்டுகிற தும்புத்தடியோடு ஓடி வந்தார். மண்டபத்துக்குள் சலசலப்பு கூடியது. சனத்தை அமைதிப்படுத்தப் புஸ்பராணி ரீச்சர் மைக்கை எடுத்தார். மைக் கீ என்று வீரிட்டது.

மான் துள்ளியது. குளம்புகள் தரையில் சறுக்கின. முன்னங்கால் மடிய விழுந்து, தட்டுத்தடுமாறி எழுந்தபோது கொம்பு ஒரு பெரிய படத்தில் பட்டது. படம் ஒரு பக்கமாகச் சரிந்து தொங்கியது. மான் எப்படியோ திரும்பவும் கால்மிதிக்கே வந்து நின்றது.

"கிட்டப் போகாதீங்க, முட்டிப்போடும்," என்றார் லாபிர் நானா. அவர் நெற்றி வியர்த்திருந்தது. "வனவிலங்குக்காரருக்குப் போன் பண்ணிட்டன் ரீச்சர். எங்கயோ வயலுக்குள்ள யானை வந்திட்டுதாம், அங்க போயிருக்காங்க. வர இருட்டிடும். விழாவை வேற நாளைக்குத்தான் வைக்கணும்."

வேறு நாளா? இந்த நாளுக்காக ஜுமானா எவ்வளவு காத்திருந்தாள். ஆனாலும் அவளால் மானிடமிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. மற்ற எல்லாரும் கொம்பையே பார்த்தார்கள். அவள் காலைப் பார்த்தாள். மான் ஒரு காலைத் தூக்கித் தரையில் வைத்தது. சறுக்கியது. உடனே எடுத்துக்கொண்டது. மறு காலை வைத்தது. அதுவும் சறுக்கியது.

"ரீச்சர், அது முட்டுறதுக்கு நிக்கல்ல," என்றாள் ஜுமானா. "நடக்க ஏலாமத்தான் நிக்குது. காலையில நான் விழுந்தனே, அதே மாதிரித்தான். நமக்குச் சப்பாத்தைக் கழட்டலாம். அதுக்குக் குளம்பைக் கழட்ட ஏலுமா?"

ரீச்சர் அவளைப் பார்த்தார். மானின் காலைப் பார்த்தார். "ஓம், சரிதான்," என்றார். "அப்ப என்ன செய்யலாம்?"

"நடக்க ஏதாவது விரிச்சுக் குடுப்பம். அந்தச் சிவப்புக் கம்பளம் நல்ல சொரசொரப்பு."

"அது பிரதம விருந்தினருக்கு விரிச்சது பிள்ள," என்றார் லாபிர் நானா.

"அவர் சப்பாத்தைக் கழட்டிட்டு வரலாம்தானே நானா?"

லாபிர் நானா தும்புத்தடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுக் கம்பளத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"வாசல் பக்கம் சனம் நிக்குது. எந்தப் பக்கத்தால அனுப்புறது?" என்று கேட்டான் சஞ்சீவன்.

ஜுமானா கையை நீட்டினாள். மண்டபத்தின் அந்தப் பக்கம், மேடைக்குக் கிட்ட, கடலைப் பார்த்த புல்வெளிக்குத் திறக்கும் கதவு இருந்தது. அங்கே ஒருவரும் இல்லை.

"மண்டபத்துக்குள்ளாலயா? இவ்வளவு சனம் இருக்கே," என்றார் ரீச்சர்.

"எழும்பினாத்தான் கதிரைச் சத்தம் கேட்டு அது பயப்படும். முன்வரிசையை மட்டும் மெதுவாப் பின்னால அனுப்புவம். மற்றவங்க இருந்தபடியே இருக்கட்டும்."

"யார் அவைக்குச் சொல்லுறது? மைக்கைத் தொட ஏலாது," என்றார் ரீச்சர்.

ஜுமானா வெறுங்காலோடு மேடைப் படியில் ஏறினாள். நடு மேடையில் நின்று, காலையில் பேசியதுபோலவே மெதுவாகப் பேசினாள்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க. பக்கத்துக் கூடத்துல ஒரு மான் மாட்டிக்கிட்டு நிக்குது. அதுக்குச் சரியான பயம். நாங்க அதை இந்த வழியா வெளிய அனுப்பப் போறம். ஒருத்தரும் எழும்ப வேணாம், கதைக்க வேணாம், கை தட்டவும் வேணாம். முன்வரிசையில இருக்கிறவங்க மட்டும் சத்தமில்லாமப் பின்னால போங்க."

கடைசி வரிசையில் யாரோ தலையாட்டுவது தெரிந்தது. சலசலப்பு அடங்கியது. முன்வரிசைக்காரர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பூனைபோலப் பின்னால் போனார்கள். உம்மா போகும்போது ஜுமானாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

லாபிர் நானாவும் இன்னும் சிலரும் கம்பளத்தைச் சுருட்டித் தூக்கி வந்தார்கள். கடற்கதவிலிருந்து மேடைக்கு முன்னால், வளைவுவரை அதை விரித்தார்கள். ரீச்சர் ஓவியக் கூடத்து விளக்குகளை அணைத்தார். இப்போது வெளிச்சம் கடற்கதவுப் பக்கம் மட்டும்தான். லாபிர் நானா யன்னல் திரை தொங்கும் நீளத் தடியால் கம்பளத்தின் கடைசிச் சுருளை மெல்லத் தள்ளினார். அது உருண்டு போய் மானின் முன்னங்காலுக்குக் கிட்ட விரிந்தது.

எல்லாரும் விலகி நின்றார்கள்.

மான் அசையவில்லை. மின்விசிறிகள் சுழலும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு அது குனிந்து கம்பளத்தை முகர்ந்தது. ஒரு காலை எடுத்து வைத்தது. சறுக்கவில்லை. மற்றக் காலையும் வைத்தது.

வளைவுக்குள்ளால் மான் மண்டபத்துக்குள் வந்தது.

அத்தனை சனமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தது. ஒரு குழந்தை "மா..." என்று தொடங்கியது. தாய் சட்டென்று அதன் வாயில் ஒரு பிஸ்கட்டை வைத்தார். யாருடைய போனோ உறுமத் தொடங்கியது. அந்த மனிதர் அதைக் கதிரையில் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

மேடைக்கு நேர் முன்னால் மான் நின்றது. கழுத்தைத் திருப்பி ஜுமானாவைப் பார்த்தது. கொம்பில் தோரணம் ஆடியது. ஜுமானா மெலோடிக்காவை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு சிலைபோல நின்றாள். உள்ளுக்குள்ளே மட்டும், போ, போ, பயப்படாதே என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடற்காற்று கதவு வழியாக உள்ளே வீசியது. மானின் காதுகள் நிமிர்ந்தன. அது நடையை எட்டிப் போட்டது. பிறகு ஓடியது. புல்லில் கால் பட்டதும் வானத்தைத் தொடுவதுபோல ஒரு துள்ளல். தோரணம் ஒரு பக்கம் விழ, மான் மரங்களுக்குள் மறைந்தது.

கை தட்ட வேண்டாம் என்று ஜுமானா சொல்லியிருந்தாளே. ஒருவரும் கை தட்டவில்லை. மண்டபம் அப்படியே அமைதியாக இருந்தது.

அந்த அமைதியில் ஒரு குரல் மிக மெதுவாகக் கேட்டது. "இப்ப நான் உள்ளுக்கு வரலாமா?"

எல்லாரும் திரும்பினார்கள். வாசலில் பிரதம விருந்தினர் நின்றார். எப்போது வந்தாரோ, பாவம், அசையாமல் அங்கேயே நின்றிருக்கிறார்.

மண்டபம் கொல்லென்று சிரித்தது. பிறகு பிடித்த கைதட்டல் லேசில் நிற்கவில்லை.

"வாங்கோ சேர்," என்றார் புஸ்பராணி ரீச்சர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "சப்பாத்தை மட்டும் கழட்டிப்போட்டு வாங்கோ. கம்பளத்தால வேற ஒருத்தர் போயிட்டார்."

அவர் காலுறையோடு கவனமாக நடந்து வந்து உட்கார்ந்தார். விளக்குகள் மங்கின. ஜுமானா மெலோடிக்காவை வாயில் வைத்தாள். பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. அவள் ஊதிய முதல் சுரம் மேலே எழும்பி, புதுக் கூரையைத் தொட்டு, கடைசி வரிசையில் நின்ற பாண்ட் வாத்தியக்காரர்வரைக்கும் போனது. சரியான இடத்தில் சஞ்சீவனின் தபேலா வந்து சேர்ந்தது.

நிகழ்ச்சி முடிந்ததும் சனம் எல்லாம் மான் நின்ற இடத்தைப் பார்க்க ஓவியக் கூடத்துக்குள் நெரிந்தது. லாபிர் நானா சரிந்த படத்தை நேராக்கிவிட்டு, துணியோடு சஞ்சீவனின் படத்துக்கு வந்தார். கண்ணாடியில், தோணிக்கு மேலே, வட்டமாக ஒரு மூக்கு அடையாளம் ஈரமாகப் பதிந்திருந்தது.

ஜுமானா ஓடிப்போய்ப் படத்துக்கு முன்னால் கையை விரித்து நின்றாள்.

"நானா, அதை மட்டும் துடைக்க வேணாம்," என்றாள். "இண்டைக்கு வந்தவங்களிலேயே இந்தப் படத்தை இவ்வளவு கிட்ட நின்று பார்த்தது அது ஒண்டுதான்."