வெறும் படம்

படத்தில் கல்யாண போட்டோ இல்லை.

ஜெனிட்டா டேப்லெட்டை மடியில் வைத்துக்கொண்டு, அதில் தெரிந்த ஹாலையும் எதிரே இருந்த ஹாலையும் மாறி மாறிப் பார்த்தாள். அதே சாம்பல் நிற சோபா, அதே ஜன்னல், அதே சுவர்க் கடிகாரம். நிஜச் சுவரில், கடிகாரத்துக்குப் பக்கத்தில், அவளும் ஹேமந்தும் செங்கல்பட்டு சர்ச் வாசலில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தார்கள். படத்துச் சுவரில் ஆணி மட்டும்தான் இருந்தது. சோபா கைப்பிடியில் எப்போதும் கிடக்கும் அவளுடைய நீலத் துப்பட்டாவைக் காணோம். கதவோரம் விட்டிருக்கும் அவளுடைய வீட்டுச் செருப்பையும் காணோம். ஹேமந்தின் ஷூ இருந்தது.

எடுத்த நேரம் காலை ஆறு நாற்பது. அப்போது அவள் குளித்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு பேரும் போனில் எடுக்கிற படங்கள் தானாகவே இந்த டேப்லெட்டில் ஒரே ஆல்பமாக வந்து விழும். ஒளிவு மறைவு வேண்டாம் என்று கல்யாணமான புதிதிலேயே செய்துகொண்ட ஏற்பாடு. ஆகவே ஹேமந்த் இதை மறைத்து எடுத்தான் என்றும் சொல்ல முடியாது. எடுத்துவிட்டு, போட்டோவைத் திரும்ப மாட்டி, துப்பட்டாவைப் பழைய மடிப்பிலேயே போட்டு, நாஸ்தா வேண்டாம் என்று சொல்லிவிட்டு சிறுசேரி ஆபீசுக்குக் கிளம்பிப் போயிருக்கிறான். கிறுக்கன் என்று சிரித்துக்கொண்டாள். சிரிப்பு ஏனோ பாதியில் நின்றுவிட்டது.

இந்த மாதிரிப் படத்துக்கு அவர்கள் வீட்டில் 'வெறும் படம்' என்று பெயர். ஆளை அந்தரத்தில் மிதக்க வைத்துப் படம் காட்டுவது அவர்கள் இருவரின் பைத்தியம். வித்தை ஒன்றும் பெரிதில்லை. ட்ரைபாடில் போனை மாட்டி அசையாமல் நிறுத்த வேண்டும். முதலில் ஆளே இல்லாமல் அந்த இடத்தை ஒரு படம். அதுதான் வெறும் படம். பிறகு ஆளை ஸ்டூலில் ஏற்றி, கையை விரிக்கச் சொல்லி இன்னொரு படம். டேப்லெட்டில் வெறும் படத்தைக் கீழே போட்டு, ஸ்டூல் படத்தை அதன்மேல் போட்டு, ஸ்டூலை மட்டும் பேனாவால் அழித்துக்கொண்டே வந்தால் அடியில் இருக்கும் வெறும் தரை தெரியும். ஆள் அந்தரத்தில் நிற்பார். ஆளையும் ஸ்டூலையும் தவிர, வெறும் படத்தில் இல்லாத எதுவும் மேல் படத்தில் இருக்கக்கூடாது, அது ஒரு விதி. நிழல் சரியாக விழ வேண்டும், அது இன்னொன்று. ஹேமந்த் சொதப்புவது நிழலில்தான். அவன் போடுவது நிழலில்லை, கரித்துணி என்று அவள் கிண்டலடிக்காத நாள் கிடையாது.

வீட்டுக்குள் எதற்கு வெறும் படம்? சாயங்காலம் வந்ததும் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள். திங்கட்கிழமை அவளுக்கு விடுமுறை. கேளம்பாக்கத்தில் அவள் வரவேற்பில் உட்காரும் பல் ஆஸ்பத்திரிக்கு அன்றுதான் வார விடுப்பு. மாமல்லபுரத்தில் ஒரு விடுதிக்காரர் தன் முன்கூடத்தில் மாட்ட இவர்கள் படம் ஒன்று கேட்டிருந்தார், ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். ஜனவரியிலிருந்து எடிட்டிங் முழுவதையும் ஹேமந்தே இழுத்துப் போட்டுக்கொண்டு செய்கிறான். "நீ இருக்கட்டும் ஜெனி, நான் பாத்துக்கிறேன்" என்பான். பாவம், ஒரு நாளாவது அவனுக்கு வேலையைக் குறைப்போமே என்றுதான் பேனாவை எடுத்தாள்.

சனிக்கிழமை விடியற்காலையில் கடற்கரையில் எடுத்த படம் அது. ஸ்டூல்மேல் அவள், பின்னால் சாம்பல் நிறக் கடல். அவர்கள் குடியிருந்த படூரின் மத்தியான நேரத்துக்கென்று ஒரு சத்தம் உண்டு: கீழே தண்ணீர் மோட்டார் ஓடும், மேல்வீட்டில் குக்கர் விசிலடிக்கும், தூரத்தில் ஓ.எம்.ஆரில் லாரிகள் ஒரே சுருதியில் இரைந்துகொண்டே போகும். அந்தச் சத்தங்களுக்கு நடுவே நிம்மதியாக, ஸ்டூலின் வலது கால் ஒன்றை நுனியிலிருந்து மெதுவாகத் தேய்த்தாள். மணல் வந்தது. இன்னும் கொஞ்சம் மேலே தேய்த்தாள். மணல். ஸ்டூலின் பலகைக்கு அருகே வந்தபோது மணலுக்குப் பதிலாக விரல் வந்தது.

ஒரே ஒரு விரல். மடங்கி, நகத்தில் சுண்ணாம்பு பூத்து, ஈரமாக.

வேறு படம் ஏதோ அடியில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று நினைத்தாள். மேல் படத்தை மறைத்துவிட்டு வெறும் படத்தை மட்டும் பார்த்தாள். மணலும் கடலும்தான், வேறொன்றுமில்லை. மேல் படத்தைத் திரும்பப் போட்டாள். விரல் இருந்தது. அழித்ததை ரத்து செய்துவிட்டு மறுபடி அழித்தாள். இப்போது மூன்று விரல். இடது பக்கத்துக் காலை அழித்தாள். அங்கே ஒரு மணிக்கட்டு. பலகையின் ஓரத்தைத் தேய்த்ததும் முழுதாகத் தெரிந்தது. அவளுடைய இரண்டு பாதங்களையும் கீழிருந்து இரண்டு உள்ளங்கைகள் தாங்கிக்கொண்டிருந்தன. மணிக்கட்டுக்குக் கீழே எதுவும் இல்லை.

விளையாட்டுக்கு ஒரு அளவு வேண்டாமா என்று கோபம் வந்தது. போனைப் போட்டாள்.

"ஹேமந்த், இந்த பீச் படத்துல இன்னா பண்ணி வெச்சிக்கிற? என் காலுக்குக் கீழ கை கீது."

அவன் குரலைத் தாழ்த்தினான். "அத ஏன் நீ தொட்ட?"

"அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும்னு நீதான சொன்ன."

"எது வரிக்கும் அழிச்ச?"

"ஸ்டூல் கால ரெண்டு பக்கமும் அழிச்சிட்டேன். பலகைதான் பாக்கி."

"மீதிய தொடாத. நான் பர்மிஷன் போட்டுட்டு வந்துகினு கீறேன்." பிறகு ரொம்ப மென்மையாக, "எங்கியும் போவாத ஜெனி. ஹால்லயே இரு."

வைத்துவிட்டான். மோட்டார் நின்றுபோயிருந்தது. 'இன்னா கை?' என்று அவன் கேட்கவே இல்லையே என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அந்த நேரத்தில்தான் வாசனை வந்தது. ஈரச் சுண்ணாம்பு, வௌவால் எச்சம், பல காலமாகக் காற்று நுழையாத இடத்தின் புழுக்கம். குளியலறையிலிருந்து வருகிறதோ என்று மூக்கை அந்தப் பக்கம் திருப்பினாள். இல்லை, சோபாவுக்கு அடியிலிருந்து வந்தது. இந்த வாசனையை அவள் முன்பே சுவாசித்திருக்கிறாள். சதுரங்கப்பட்டினத்தில், இடிந்த கோட்டைக்குள், வளைவுக் கூரை போட்ட கிடங்கில். ஜனவரியில் மிதக்கிற படம் எடுக்க அங்கேதான் போனார்கள். அன்று ஸ்டூலில் ஏறியவன் ஹேமந்த். படம் பிடித்தவள் அவள்.

அதற்குப் பிறகுதான் எடிட்டிங்கை அவன் தன் கைக்கு எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகுதான் அவனுக்குக் கால் வலி. மார்ச் முழுவதும் கணுக்காலைச் சுற்றி நீலம் பாரித்துக் கிடந்தது. டாக்டர் நரம்பு என்றார். தினமும் அவன் காலை மடியில் போட்டுக்கொண்டு தைலம் தேய்த்து, துணிக்கட்டுப் போட்டுவிட்டவள் ஜெனிட்டா. ஏப்ரலில் ஒரு நாள் வலி சட்டென்று போயிற்று. பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து, "இனிமே ஸ்டூல்ல நீ ஏறு ஜெனி, நான் எடுக்குறேன்" என்றான். அவள் அன்றைக்கு முழங்காலிட்டு ஸ்தோத்திரம் சொன்னாள்.

பழைய கோப்புகளில் 'சதுரங்கப்பட்டினம்' என்றிருந்ததைத் திறந்தாள். அந்தச் செயலியில் ஒரு வசதி உண்டு. பேனா இழுத்த ஒவ்வொரு கோட்டையும் அது பதிவு செய்து, கேட்டால் முதலிலிருந்து வேகமாக ஓட்டிக் காட்டும். ஹேமந்தின் கரித்துணி நிழல்களை ஓட்டிப் பார்த்துக் கிண்டலடிக்கலாம் என்று அவள்தான் ஒரு காலத்தில் அதை முடுக்கி வைத்தாள். அப்படி ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது.

ஓடவிட்டாள்.

கிடங்கு. ஸ்டூல்மேல் ஹேமந்த். ஸ்டூல் அழிகிறது. அவன் பாதங்களுக்கு அடியில் கைகள். அவன் அவற்றின்மேல் தரையைப் பூசுகிறான், கைகள் திரும்ப வருகின்றன. மறுபடி பூசுகிறான், மறுபடி வருகின்றன, ஒவ்வொரு தடவையும் சற்று மேலே, கணுக்கால் வரைக்கும், கெண்டைக்கால் வரைக்கும். நாற்பது தடவை இருக்கும். பிறகு எல்லாம் நிற்கிறது. பிறகு படத்துக்குள் அவள் வருகிறாள்.

வேடந்தாங்கலில் போன டிசம்பரில் எடுத்த படத்திலிருந்து அவளை வெட்டி எடுத்திருந்தான். பறவைகள் கிளம்புவதைப் பார்த்துக் கையை விரித்துச் சிரித்த ஜெனிட்டா. முடி முடியாகப் பார்த்து வெட்டியிருந்தான். தன்னை அழித்துவிட்டு, அவளைக் கொண்டுபோய் அந்த உள்ளங்கைகளின்மேல் வைத்தான். அளவு கொஞ்சம் பெரிதாக இருந்தது, சிறிதாக்கி வைத்தான். கைகள் உடனே ஏற்கவில்லை. பேனா ஒரு கோடும் போடாதபோது, ஒவ்வொரு விரலாக, தானாக மூடிக்கொண்டன. கடைசியாக அவளுக்கு நிழல் போட்டான். மெல்லிய, ஓரம் கரைந்த, ஒரு பிசிறில்லாத நிழல். வாழ்நாளில் அவன் அப்படியொரு நிழல் போட்டதில்லை.

தேதி, பிரியாணி வாங்கி வந்த நாள்.

பயம் பிறகுதான் வந்தது. முதலில் அவள் நெஞ்சில் பாய்ந்தது அந்த நிழல். இத்தனை நாள் நிழலில் அவன் சொதப்பியது தெரியாமல் அல்ல, அக்கறை இல்லாமல். அவளைக் கொடுக்கும்போதுதான் அவனுக்கு அந்த அக்கறை வந்திருக்கிறது. அவன் காலைப் பிடித்துவிட்ட தன் கைகளைப் பார்த்தாள். தைல வாசனை இன்னும் போகாதது போலிருந்தது.

அண்ணன் ஜெபக்குமார் வீடு கேளம்பாக்கத்தில்தான், ஆட்டோவில் பத்து நிமிஷம். போய்விட வேண்டும். இப்போதே. சோபாவிலிருந்து காலைக் கீழே விட்டாள்.

தரை கிடைக்கவில்லை.

இன்னும் கொஞ்சம் நீட்டினாள். இரண்டு மாதமாகவே உள்ளங்காலில் ஒரு சில்லிப்பு; அதற்காகத்தான் வீட்டுக்குள்ளும் செருப்பு. அந்தச் சில்லிப்பு இப்போது ஈரமாயிற்று. ஈரம் மடங்கியது. பத்து இடங்களில் அழுத்தியது. அவள் எழுந்து நின்றாள். நின்றது தரையில் இல்லை. டைல்ஸுக்கு ஒரு முழம் மேலே நின்றாள், ஹாலின் நடுவில். ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை. கத்த வாயைத் திறந்தாள். சுண்ணாம்பு வாசனைதான் உள்ளே போயிற்று.

அங்கிருந்து பார்த்தபோது, எதிர்ச் சுவரோரம் தரையில் மூன்று இடத்தில் ஒட்டியிருந்த கறுப்பு டேப் துண்டுகள் தெரிந்தன. காலையில் பெருக்கும்போது அழுக்கென்று நினைத்தாள். ட்ரைபாட் கால்களுக்கான அடையாளம் அது.

லிப்ட் கதவு. பூட்டில் சாவி.

ஹேமந்த் உள்ளே வந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஷூவைக் கழற்றி, குனிந்து, தன் போனில் ஒரு தடவை சரிபார்த்து, படத்தில் இருந்த அதே இடத்தில், அதே கோணத்தில் வைத்தான்.

"எத்தினி வாட்டி அழிச்சாலும் வர்து ஜெனி," என்றான். குரல் அழுகிற மாதிரிதான் இருந்தது. "படத்துல குடுத்தது பத்தலியாம் அதுக்கு."

"ஹேமந்த்," என்றாள். அவ்வளவுதான் வந்தது. "நான் உன் காலப் புடிச்சி வுட்டேனே."

அவன் சுவரிலிருந்து கல்யாண போட்டோவைக் கழற்றி உள்ளே கொண்டுபோனான். நீலத் துப்பட்டாவை எடுத்துப்போனான். கதவோரச் செருப்பை எடுத்துப்போனான். வெறும் படத்தில் இல்லாத ஒவ்வொன்றாக. கடைசியில் அவள் விரல்களைப் பிரித்து டேப்லெட்டை வாங்கிக்கொண்டான். ஹாலில் எடுக்க வேண்டியது இன்னும் ஒன்றுதான் பாக்கி இருந்தது.

டேப் துண்டுகளின்மேல் ட்ரைபாடை நிறுத்தினான். க்ளிக். பின்னால் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பேனாவை எடுத்தான்.

மேல்வீட்டுக் குக்கர் விசிலடித்தது. பேனா கண்ணாடியில் உரசும் சத்தம். சின்னதாக, பொறுமையாக.

குனிந்து பார்த்தாள். பாதங்கள் இருந்த இடத்தில் டைல்ஸ் தெரிந்தது, சுத்தமாக. வலியே இல்லை. அழிந்த இடத்துக்கு மேலே மிச்சமிருந்ததைப் பிடிக்க, சுண்ணாம்பு பூத்த விரல்கள் ஒவ்வொன்றாக முழங்காலுக்கு ஏறிக்கொண்டிருந்தன.

"அசையாத ஜெனி," என்றான் ஹேமந்த், தலையை நிமிர்த்தாமல். "நிழல் சுத்தமா வரணும்."