பவளத்துக்கு ஊதிய மூச்சு

செவ்வாய்க் குடியேற்றத்தின் ஒட்டகத் தொழுவத்துக் கதவு, தினமும் காலையில் ஒரு சொட்டு ரத்தம் குடித்துவிட்டுத்தான் திறக்கும். விரலை வைத்தால் சுருக்கென்று ஒரு குத்து. ஒட்டகத்திடமிருந்து கொரோனா வகைக் கிருமி ஏதும் வேலையாட்களுக்குத் தொற்றியிருந்தால் ரத்தத்தில் அதன் தடம் இருக்கும், கதவு கண்டுபிடித்துவிடும். மனிதர்கள் பத்திரமாக இருக்க வேண்டுமே!

அன்றைக்குத் தொழுவ வேலையாள் மரியசெல்விக்குக் கதவு சிவந்தது.

அவள் பதறியது தனக்காக இல்லை. வேலையாளிடம் தடம் தெரிந்தால் அவர் பார்த்துக்கொண்ட மந்தையையே ஊசி போட்டுக் கொன்றுவிடுவார்கள். அந்த மந்தையில்தான் பவளம் இருந்தது. பத்துப் பன்னிரண்டு நாளுக்கு முன் மூச்சில்லாமல் பிறந்த குட்டி. தொழுவத்து வழக்கப்படி, முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு அதன் மூக்கில் வாய்வைத்து ஊதி ஊதி உயிரைப் பிடித்து நிறுத்தியவள் அவள்தான். அன்றிலிருந்து அது அவள் சட்டை நுனியை விட்டதில்லை.

"டாக்டர், குட்டியையாவது விட்ருங்க. உங்க காலப் பிடிச்சுக் கேக்குறேன்."

"எனக்கு மட்டும் ஆசையாம்மா? அது மூக்குலயும் கிருமி இருக்கே!" என்றார் தொழுவத்துப் பொறுப்பிலிருந்த கால்நடை மருத்துவர் இல்யாஸ்.

மதியத்துக்குள் தொழுவம் காலியானது. ஊசி இயந்திரத்தைக் கண்டு மிரண்ட பவளம் அவள் சட்டையைக் கவ்விக்கொண்டது. அவள்தான் தலையைப் பிடித்துக்கொடுத்தாள். அந்தக் கொடுமையை என்னவென்று சொல்வது!

சாயங்காலம் மரபணு ஆய்வின் முடிவு வந்தது. இல்யாஸ் திரையை அவள் பக்கம் திருப்பினார்.

"செல்வி, இது ஒட்டகக் கிருமி இல்லம்மா. மனுஷங்களுக்கு வர்ற சாதாரண ஜலதோஷக் கிருமி. ரெண்டும் சொந்தக்காரக் கிருமிங்க, கதவு ஏமாந்துடுச்சு. உங்ககிட்ட இருந்துதான் குட்டிக்குப் போயிருக்கு."

குட்டி பிறந்த அன்று அவளுக்கு ஜலதோஷக் காய்ச்சல். லீவு கேட்டுப் பார்த்தாள். 'ஜலதோஷத்துக்கெல்லாம் யாராவது லீவு போடுவாங்களா? மாத்திரையப் போட்டுட்டு வாங்கம்மா' என்று சிரித்தவர் இதே இல்யாஸ்தான். இப்போது அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்ப, உயிர் குடுத்த நானே அதக் கொன்னுட்டேனா?" வாய்விட்டு அழுதாள் செல்வி. "என் பிள்ளைக்கு ஊசி போட்டீங்களே, எனக்கு என்ன தண்டனை டாக்டர்?"

"தண்டனையா?" இல்யாஸ் திரையை அணைத்தார். "மனுஷங்களுக்கு இது வந்தா ரெண்டு நாள் லீவு. ஆவி பிடிச்சுக்கிட்டு வீட்டுல இருக்கணும். சட்டத்துல அவ்வளவுதாம்மா."

குட்டி பிறந்த அன்றைக்கு அவள் கேட்டதும் அந்த ரெண்டு நாளைத்தான்.